திருவண்ணாமலைக்குப் பட்டம் கிடைத்தது, ஆள் எங்கே?

2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் திருவண்ணாமலை நகரசபை மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி ஆகிய மூன்று நகரங்களும் அதே வேளையில் அப்பட்டத்தை எய்தின. தமிழ்நாட்டு மாநகராட்சிகளின் தொகை இவற்றோடு இருபத்தைந்தாயிற்று. 1886-ஆம் வருஷத்தில் நகரசபையாகத் தோன்றி, வெள்ளையர் ஆட்சியையும் சுதந்தர ஆட்சியையும் ஒருங்கே கண்ட ஓர் ஸ்தல ஸ்தாபனத்துக்கு இவ்வுயர்வு கிட்டியது குறித்து நாமும் மகிழ்கிறோம். ஆயினும், ஒரு ஸ்தாபனத்தின் பெயர்ப் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. அப்பலகையின் கீழ் வேலை செய்ய வேண்டிய சிப்பந்திகளையும், அவர்கள் கையில் இருக்க வேண்டிய பொருளையும் சேகரித்துக் கொடுப்பது பல வருஷ வேலை. பட்டம் வழங்கப்பட்ட நாளில் எழுந்த ஆரவாரத்தில் பாதியேனும் இந்த இரண்டாவது காரியத்தைப் பற்றி எழக் காணோம். ஆதலின் இன்று அதைப் பற்றியே எழுதத் துணிகிறோம்.

நகரசபை மாநகராட்சியானால் நிகழ்வது யாது? தலைவர் மேயர் ஆகிறார்; அங்கியும் சங்கிலியும் வருகின்றன. கமிஷனரின் அந்தஸ்து உயர்கிறது. அண்டைக் கிராம ஊராட்சிகள் எல்லைக்குள் சேர்க்கப்படுகின்றன. எல்லை விரிந்தவுடன் சாலையும் சாக்கடையும் நீளுகின்றன. விளக்குக் கம்பமும் குடிநீர்க் குழாயும் குப்பைத் தொட்டியும் பெருகுகின்றன. இவற்றைக் கவனிக்கும் கைகளும் அதே விகிதத்தில் பெருகினாலன்றி, முன்பு ஒரு தெருவுக்கு ஒரு நாள் வந்து கொண்டிருந்த ஊழியர் இரண்டு தெருவுக்கு ஒரு நாள் வருவார். பட்டம் உயர உயர ஊழியம் மெலியும் என்ற விபரீதம் இவ்விதம் ஏற்படுகிறது. இணைப்புச் செய்தி வந்தபோது தமிழ்நாடெங்கும் கிராமவாசிகள் கேட்ட கேள்வியும் இதுவே: வீட்டு வரி ஏறும், நூறு நாள் வேலை போகும், பதிலுக்கு வருவது என்ன? அக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய ஊராட்சி மன்றத்தாரின் பதவிக்காலமோ, திருவண்ணாமலை ஜில்லா உட்பட்ட பல ஜில்லாக்களில், 2025-ஆம் வருஷம் ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிவுற்று, நிர்வாகம் தனி அதிகாரிகள் வசம் ஒப்படைக்கப்பட்டது. கேட்பவர் உண்டு, பதில் கூறும் பிரதிநிதி இல்லை என்ற நிலை ஜனநாயகத்துக்கு அழகன்று.

அதிகாரத்தைக் கொடுத்துப் பொருளைக் கொடாத வித்தை நமது நாட்டுக்குப் புதியதன்று. 1882-ஆம் வருஷம் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். அந்த வைஸ்ராயின் உள்ளம் நல்ல உள்ளமே. ஆனால் அதைச் செயலில் காட்ட வேண்டிய ஜில்லா உத்தியோகஸ்தர்கள் கஜானாச் சாவியைத் தம் மடியிலேயே முடிந்து கொண்டார்கள். பின்னர் 1919-ஆம் வருஷத்து மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்தது. கல்வி, சுகாதாரம், ஸ்தல சுய ஆட்சி ஆகியவை 'மாற்றப்பட்ட' இலாகாக்கள் என்று பெயரிடப்பட்டு இந்திய மந்திரிகளிடம் விடப்பட்டன. நிதி இலாகா மட்டும் 'ஒதுக்கப்பட்ட' பகுதியில் நின்று, கவர்னரின் நிர்வாக சபை அங்கத்தினர் கையில் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்க வேண்டியவர் ஒருவர். அதற்குப் பணம் தர வேண்டியவர் வேறொருவர். இதற்குமேல் மெஸ்டன் கமிட்டியின் ஏற்பாட்டின்படி மாகாணங்கள் இந்திய சர்க்காருக்குக் கட்ட வேண்டிய 983 லட்ச ரூபாயில் 348 லட்சம் சென்னை மாகாணத்தின் தலையில் விழுந்தது. பம்பாய்க்கு 56 லட்சம். வங்காளத்துக்கு 63 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுமந்த மாகாணத்தின் மந்திரிகள் எந்த ஆஸ்பத்திரியைக் கட்டுவர், எந்தக் கிணற்றைத் தோண்டுவர்? இரட்டையாட்சியைத் தேசியவாதிகள் கேலிக்கூத்தென்று கண்டித்ததற்கு இதுவே முக்கிய காரணம். பிற்பாடு அக்கப்பம் படிப்படியாகக் குறைந்து நீங்கிற்று என்பது உண்மை. அதற்குள் வீணான வருஷங்கள் திரும்பவில்லை.

சுதந்தர இந்தியாவில் இவ்வழக்கம் மறைந்திருக்க வேண்டும். 1992-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டு அடுத்த வருஷம் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் நகர ஸ்தாபனங்களுக்குச் சாசனத்திலேயே இடமளித்தது. பன்னிரண்டாவது அட்டவணை பதினெட்டு விஷயங்களை வரிசைப்படுத்திற்று: நகரத் திட்டம், கட்டிட ஒழுங்கு, குடிநீர், பொதுச் சுகாதாரம், தீயணைப்பு, சுடுகாடு முதலியன. அட்டவணை நீளமானதுதான். ஆனால் மூல வாசகத்தைக் கவனிக்குங்கள். மாகாண சட்டசபை இவ்வதிகாரங்களை வழங்க 'வேண்டும்' என்றில்லை. வழங்க'லாம்' என்றே இருக்கிறது. அந்த ஒரு 'லாம்' என்னும் விகுதிக்குள் முப்பது வருஷங்களுக்கு மேலாக நமது நகர ஆட்சி முழுவதும் அடைபட்டுக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் மாநில நிதிக் கமிஷன்களின் சிபாரிசுப்படி மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஸ்தல ஸ்தாபனங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வேறு பல மாகாணங்களை நோக்க இது மோசமன்று என்று சொல்லுவோர் உளர். நாமும் மறுக்கவில்லை. அந்தப் பத்துப் பங்கை எந்தப் படியால் அளக்கிறார்கள் என்பதில்தான் திருவண்ணாமலையின் கஷ்டம் முழுதும் இருக்கிறது.

அளக்கும் படி பிரதானமாக ஜனத்தொகை. 2011-ஆம் வருஷத்துக் கணக்குப்படி திருவண்ணாமலை நகர ஜனத்தொகை 1,45,278. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படாமல், 2027-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. ஆகவே பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஊருக்கு அளந்த அரிசியைக் கொண்டு இன்றைய ஊர் சமைக்க வேண்டியிருக்கிறது. இக்குறை எல்லா நகரங்களுக்கும் பொது என்பர். பொதுவேதான். ஆனால் மற்ற நகரங்களில் வீட்டுக்காரர் தொகைதான் ஊரின் தொகை. திருவண்ணாமலையில் அப்படியில்லை. இங்கே ஒவ்வொரு பௌர்ணமியிலும் பல லட்சம் ஜனங்கள் பதினான்கு கிலோ மீட்டர் தூரத்தை இரவு முழுதும் வெறுங்காலோடு சுற்றி வருகிறார்கள். கார்த்திகைத் தீபத்தன்று கூடும் கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. ஒரு லட்சத்து நாற்பத்தையாயிரம் பேருக்கென்று கணக்கிட்ட கக்கூசும், குழாயும், குப்பை வண்டியும் ஓரிரவில் அதைப்போலப் பன்மடங்கு மக்களுக்கு ஈடு கொடுக்க வேண்டும். மறுநாட் காலையில் கூட்டம் போய்விடும். அது விட்டுச் சென்ற தொன்னையும் வாழையிலையும் தண்ணீர்ப் புட்டியும் போகா. 2019-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. அன்னதானம் செய்வோர் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும் என்ற விதியும் உண்டு. விதிகளைப் பதினான்கு கிலோ மீட்டர் நெடுக நின்று பார்க்கும் கண்கள் எத்தனை என்பதே வினா.

இக்கூட்டம் குறையப் போவதுமில்லை. 1990-களுக்குப் பின் பெருகிய கிரிவலத்தில் இப்போது ஆந்திரம், தெலங்கானா ஆகிய தெலுங்கு நாட்டினர் திரள் திரளாகக் கலந்து கொள்கிறார்கள். கடைத்தெருவில் தெலுங்குப் பலகைகளைக் கண்டே இதை அறியலாம். 2024-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த ரயில் திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. ரயிலை நீட்டிய ரயில்வேயார் பாராட்டுக்குரியவர்கள். வந்து இறங்குவோருக்கு ஊரில் யார் பொறுப்பு என்பதை ரயில்வேயார் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர் வேறு.

அவர் யார் என்று தேடிப் புறப்பட்டால் கிரிவலப் பாதையிலேயே தலை சுற்றும். மலை வன இலாகாவைச் சேர்ந்தது. கோவில் இந்து அறநிலைய இலாகாவின் மேற்பார்வையில் இருப்பது. சாலை நெடுஞ்சாலை இலாகாவினது. பாதையின் ஒரு பகுதி நகரத்தைச் சார்ந்தது. மேற்கே அடி அண்ணாமலை முதலிய கிராமங்களைக் கடந்து செல்லும் பகுதி ஊராட்சிகளின் பொறுப்பில் இருந்து வந்தது. போலீஸும், பஸ் போக்குவரத்தும், உணவுப் பாதுகாப்பும் தனித்தனி இலாகாக்கள். இவ்வளவு பேரையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைப்பவர் ஜில்லா கலெக்டர். ஒவ்வொரு வருஷமும் தீபத்துக்கு முன்னால் ஆலோசனைக் கூட்டங்கள் கூடுகின்றன. வெளி ஜில்லாக்களிலிருந்து பல ஆயிரம் போலீஸார் வரவழைக்கப்படுகின்றனர். வேறு ஊர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளரும் சுகாதாரச் சிப்பந்திகளும் அனுப்பப்படுகின்றனர். விழா முடிந்ததும் எல்லோரும் அவரவர் ஊர் திரும்புகின்றனர். வந்தவர்களின் உழைப்பில் நாம் குறை காணவில்லை. மூன்று இரவு உறங்காமல் நிற்கும் போலீஸ்காரரையும், அறிமுகமில்லாத தெருவில் விடியுமுன் குப்பை அள்ளும் ஸ்திரீயையும் நினைத்தால் மனம் இளகுகிறது. ஆனால், வருஷத்தில் ஒரு நாள் வரும் விருந்துக்கு அண்டை வீட்டுப் பாத்திரத்தை இரவல் வாங்கலாம். மாதந்தோறும் வரும் விருந்துக்கும் இரவலே வாங்குவேன் என்பவன் வீட்டைக் குடித்தனம் என்று யார் சொல்லுவர்? பௌர்ணமி வருஷத்துக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ தவறாமல் வருகிறது. பஞ்சாங்கம் அதை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுக்கிறது. இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்த வேலைக்கு நிரந்தரமான ஆட்களை நியமிக்காமல் இருப்பதற்கு எதிர்பாராமை என்ற சாக்குக் கிடையாது.

எதிர்பாராதது ஒன்றும் நேர்ந்தது. 2024-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசி நாளில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அதைத் தொடர்ந்த பெருமழையில், டிசம்பர் முதல் தேதி மாலை, அண்ணாமலையார் மலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் வந்து, மேலும் பாறைகள் உருளும் அபாயத்திடையே, மண்ணைத் தோண்டி உடல்களை எடுத்தனர். அப்படைக்குத் தமிழ்நாட்டில் தளம் அரக்கோணத்தில் இருக்கிறது. அத்தீரர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது.

மலை சரிந்ததற்கு நகர ஸ்தாபனத்தின் ஆட்குறைவே காரணம் என்று கூற நாம் துணியவில்லை. அத்தகைய மழை எந்த மலையையும் அசைக்கக்கூடும். ஆனால் அந்தச் சரிவில் வீடுகள் ஒரே இரவில் எழுந்துவிடவில்லை. வருஷக்கணக்காக, ஒன்றன்பின் ஒன்றாக, எல்லோரும் பார்த்திருக்க எழுந்தன. ஏழைகள் வேறிடம் இல்லாமல் அங்கே ஏறினார்கள். அவர்களுக்குச் சமதரையில் மனை காட்டவும், மலைச் சரிவில் எங்கே வீடு கட்டலாகாது என்று அளந்து கல் நடவும், மழைக்கு முன் ஓடைகளைத் தூர் வாரி வைக்கவும், ஆபத்துக்குரிய வீடுகளை முதல் நாளே காலி செய்விக்கவும் ஆள் வேண்டும். ஸர்வேயர் வேண்டும், நகரத் திட்ட உத்தியோகஸ்தர் வேண்டும், தெருத்தெருவாய் ஜனங்களை அறிந்த ஊழியர் வேண்டும். சரிவு நேர்ந்தபின் பூகர்ப்ப நிபுணர்கள் வந்து மலையைப் பரிசோதித்தனர். அதன் விளைவாக அவ்வருஷம் டிசம்பர் 13-ஆம் தேதி தீபத்தன்று பொதுஜனங்கள் மலையேறுவது தடுக்கப்பட்டு, கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து செல்வோருக்கே அனுமதி தரப்பட்டது. விவேகமான செய்கையே. அந்த நிபுணர்கள் நவம்பரில் வந்திருந்தால் என்று எண்ணாதவர் அவ்வூரில் இருக்க முடியாது. 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் நிர்வாகச் சட்டம் ஒவ்வொரு ஜில்லாவிலும் கலெக்டர் தலைமையில் ஓர் அதிகார சபையை ஏற்படுத்தியிருக்கிறது. சபை இருக்கிறது. அந்தச் சபைக்கென்று மலையடிவாரத்தில் தினந்தோறும் நடந்து பார்க்கும் கால்கள் இருக்க வேண்டாமா?

'ஆள் வேண்டும் என்பது சரி; ஆள் கிடைக்க வேண்டாமா?' என்று உத்தியோக வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. இப்பேச்சைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று நமக்குத் தெரியவில்லை. 2024-ஆம் வருஷம் தமிழ்நாடு சர்வீஸ் கமிஷன் நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு 6,244 இடங்களென்று அறிவித்தது. மனுச் செய்தவர்கள் சுமார் இருபது லட்சம் பேர். கிராம நிர்வாக உத்தியோகத்துக்கும் குமாஸ்தா வேலைக்கும் இவ்வளவு பேர் காத்து நிற்கும் நாட்டில், ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லுவது காவிரிக் கரையில் நின்றுகொண்டு மணல் கிடைக்கவில்லை என்பது போலாகும்.

திருவண்ணாமலையே இதற்கு வேறொரு சாட்சி. சகல ஜாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற கொள்கையின்படி, சர்க்கார் ஆறு ஊர்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தது. அவற்றுள் ஒன்று திருவண்ணாமலையில் அமைந்தது. வாலிபர் இருநூற்றுக்கு மேற்பட்டவர் அப்பள்ளிகளில் தேறி வெளிவந்தனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்று, 2015-ஆம் வருஷம் டிசம்பரில்தான் தீர்ப்பாயிற்று. பள்ளியில் தேறியவர்களுள் இருபத்து நால்வர் ஒருங்கே நியமனம் பெற்ற நாள் 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 14. பயிற்சி பெற்றவன் பதின்மூன்று வருஷம் காத்திருந்தால் கற்ற மந்திரம் நினைவிருக்கலாம். வாழ்க்கையின் நல்ல பருவம் இராது. அக்கொள்கையைப் பற்றி வாசகர்களிடையே பல அபிப்பிராயங்கள் இருக்கக்கூடும். அவ்விவாதத்தை இங்கே தொடங்கவில்லை. ஆளைத் தயார் செய்துவிட்டுப் பதவியைத் தயார் செய்ய மறந்துவிடும் சர்க்காருக்கு, ஆள் கிடைக்கவில்லை என்று சொல்ல உரிமையில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

உண்மையில் ஆளுக்குப் பஞ்சமில்லை; நிரந்தர ஆளுக்குச் சம்பளம் கொடுக்க மனமில்லை. 2022-ஆம் வருஷத்தில் சென்னை நீங்கலாக இருபது மாநகராட்சிகளின் சிப்பந்தி அமைப்பைத் திருத்தி 152-ஆம் எண் அரசாணை பிறந்தது. நிரந்தரப் பதவிகள் சுருக்கப்பட்டு, துப்புரவு முதலிய வேலைகள் வெளிக் கம்பெனிகளின் ஒப்பந்தத்துக்கு விடப்படலாயின. தொழிலாளர் சங்கங்கள் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தன. திருவண்ணாமலை அப்போது நகரசபை. இப்போது மாநகராட்சி என்ற வரிசையில் உட்காரும்போது, மற்ற மாநகராட்சிகளுக்கு அளிக்கப்பட்ட அதே மெலிந்த அமைப்புத்தான் அதற்கும் அளிக்கப்படுமா என்பதை இன்றே கேட்டறிய வேண்டும்.

ஒப்பந்த முறையின் பலனைத் தலைநகரில் பார்த்தோம். 2025-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரு மண்டலங்களின் துப்புரவு வேலை தனியார் வசம் விடப்பட்டதை எதிர்த்து, தொழிலாளர்கள், பெரும்பாலும் ஸ்திரீகள், பதின்மூன்று நாள் மாநகராட்சிக் கட்டிடத்தின் வாயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னர் நள்ளிரவில் போலீஸாரால் அகற்றப்பட்டார்கள். அந்தக் கட்டிடத்தின் பெயர் ரிப்பன் கட்டிடம். 1882-இல் ஸ்தல சுய ஆட்சியை அறிவித்த அதே பிரபுவின் பெயர். மண்டலங்களுள் ஒன்று, தொழிலாளர் இயக்கத்துக்குச் சென்னையில் வித்திட்டவர்களுள் ஒருவரான பெரியாரின் பெயர் தாங்கியது, திரு.வி.க. அவர்களைச் சொல்லுகிறோம். சரித்திரம் சில சமயங்களில் மிகவும் குறும்பாக நடந்து கொள்ளுகிறது.

ஒப்பந்தத்தில் செலவு குறையும் என்பது ஆதரவாளர் வாதம். மொத்தத் தொகை குறையக்கூடும். அத்தொகையில் கம்பெனியின் லாபம் எவ்வளவு, மண்வெட்டி பிடிப்பவரின் கூலி எவ்வளவு என்பதைச் சேர்த்துச் சொன்னாலன்றி வாதம் முடிவு பெறாது. கிரிவல நகரத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒப்பந்தம் என்பது சாதாரண நாளைக் கணக்கிட்டு எழுதப்படுவது. பௌர்ணமியில் கூடுதல் ஆள் வேண்டுமென்றால் கூடுதல் பணம். புயல் வந்தால், அது ஒப்பந்தத்திலேயே இல்லை. நிரந்தரச் சிப்பந்தி அப்படியல்லர். ஊரின் எந்தச் சாக்கடை எந்த மழையில் எங்கே பொங்கும் என்பது அவருடைய முப்பது வருஷ அநுபவத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இனிப் பணத்துக்கு வழி என்ன? யாத்திரிகரிடமே வசூலிக்கலாம் என்று சிலர் யோசனை கூறுவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் புரி ஜகந்நாதத்தில் 1806 முதல் 1840 வரை யாத்திரிகர் வரி வாங்கிப் பார்த்தனர், அபகீர்த்தியே மிஞ்சிற்று. சுதந்தரத்துக்குப் பின்னும் 1956-இல், புண்ணிய ஸ்தலங்களுக்கு ரயிலில் வருவோரிடம் வரி வாங்குவதற்குப் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. வெறுங்காலோடு மலையைச் சுற்ற வரும் குடியானவனிடம் கை நீட்டுவது நமக்குச் சம்மதமன்று. கோவில் உண்டியலில் கை வைக்கலாம் என்பார் யோசனையையும் நாம் ஏற்கவில்லை. கோவில்கள் ஏற்கெனவே அறநிலையச் சட்டப்படி வருமானத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு வரை இலாகாவின் செலவுக்குச் செலுத்துகின்றன. தணிக்கைக் கட்டணம் வேறு. கோவிலுக்குள் வருவோரின் வசதிக்கு அறநிலைய இலாகா பொறுப்பேற்கட்டும். சாக்கடைக்கு அம்பலவாணர் வரி கட்ட வேண்டுவதில்லை.

பணம் வேறிடத்தில் இருக்கிறது. யாத்திரிகர் பஸ் ஏறுகிறார், விடுதியில் தங்குகிறார், ஓட்டலில் உண்கிறார், கடையில் வாங்குகிறார். அவர் செலவிடும் ரூபாயின் மேல் விழும் சரக்கு சேவை வரி 2017-ஆம் வருஷம் ஜூலை முதல் டில்லியும் சென்னையும் பங்கிட்டுக் கொள்ளும் வரியாக இருக்கிறது. அதில் ஊருக்கென்று நேரான பங்கு கிடையாது. ஊருக்கு வருவன சொத்து வரியும், தொழில் வரியும், குடிநீர்க் கட்டணமும். அதாவது ஊரார் கொடுப்பன. யாத்திரிகரால் வரும் லாபம் மேலே போகிறது. யாத்திரிகரால் வரும் வேலை கீழே நிற்கிறது. 2022-ஆம் வருஷம் ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, பதினைந்தாவது நிதிக் கமிஷனின் மான்ய நிபந்தனையை ஒரு காரணமாகச் சர்க்கார் எடுத்துக் காட்டிற்று. மான்யம் பெற வரியை உயர்த்து என்று நிபந்தனை போடத் தெரிந்தவர்கள், மான்யம் பெற்றால் இத்தனை ஊழியரை நியமி என்று ஏன் ஒரு நிபந்தனை போடலாகாது? காரணம் எளிது. பஸ் நிலையம் கட்டினால் கல்வெட்டுப் பதிக்கலாம். பூங்கா திறந்தால் ரிப்பன் வெட்டலாம். ஒரு சுகாதார இன்ஸ்பெக்டரை நியமித்தால் அவர் முதுகில் கல்வெட்டுப் பதிக்க முடியாது.

மற்ற மாகாணத்தார் செய்வதைப் பார்ப்போம். பிரயாகையில் 2025-ஆம் வருஷம் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை நடந்த மகா கும்ப மேளாவுக்கென்று, உத்தரப் பிரதேச சர்க்கார் முந்திய டிசம்பரில் ஒரு தற்காலிக ஜில்லாவையே பிரகடனம் செய்தது. மேளாவை நிர்வகிக்கச் சட்டபூர்வமான ஓர் அதிகார சபை முன்பே இருந்தது. அவ்வளவு ஏற்பாட்டிலும் ஜனவரி 29-ஆம் தேதி நெரிசலில் சர்க்கார் கணக்குப்படி முப்பது பேர் மாண்டனர். திருப்பதியில், சென்னைச் சட்டசபை 1932-ஆம் வருஷத்திலேயே இயற்றிய சட்டத்தால் தேவஸ்தானம் தனி ஸ்தாபனமாயிற்று. அதற்குச் சொந்தச் சிப்பந்திகள் ஆயிரக்கணக்கில் உண்டு. அங்கும் 2025-ஆம் வருஷம் ஜனவரி 8-ஆம் தேதி வைகுண்ட வாசல் தரிசனச் சீட்டுக்காகக் கூடிய கூட்டத்தில் ஆறு பேர் இறந்தனர். ஆளும் பொருளும் இருந்தால் விபத்தே வராது என்று நாம் சாதிக்கவில்லை என்பதற்கே இவற்றைச் சொல்லுகிறோம். ஆளும் பொருளும் பொறுப்பும் ஓரிடத்தில் இருந்தும் அங்கே நேர்ந்தது அது; மூன்றும் மூன்று இடத்தில் கிடக்கும் ஊரில் இதுகாறும் பெரு விபத்து நேராதிருப்பதை நிர்வாகத்தின் சாமர்த்தியம் என்று எண்ணி ஏமாறலாகாது. மகா கும்பமோ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அண்ணாமலையில் பௌர்ணமி மாதந்தோறும்.

நமது ராஜீயத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்தல ஸ்தாபனங்களைச் சில்லறை விஷயமென்று ஒதுக்கும் மனப்பான்மை இன்று பரவியிருக்கிறது. ராஜகோபாலாச்சாரியார் 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராக இருந்தார். வல்லபபாய் படேல் 1924 முதல் 1928 வரை ஆமதாபாத் நகரசபையை நடத்தினார். குழாயும் சாக்கடையும் பார்த்த கையோடுதான் அவர்கள் ராஜ்யத்தைப் பார்க்கச் சென்றார்கள். காங்கிரஸும் அப்படியே. 1920-ஆம் வருஷம் நாகபுரியில் காந்தியடிகள் அதற்கு ஒரு புதிய லக்ஷ்யத்தை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. நாலணா அங்கத்தினர் முறையும், பாஷைவாரி மாகாணக் கமிட்டிகளும், வருஷம் முழுதும் வேலை செய்யும் காரியக் கமிட்டியும் ஏற்பட்டன. மறு வருஷம் பெஜவாடாவில் ஒரு கோடி அங்கத்தினர், ஒரு கோடி ரூபாய், இருபது லட்சம் இராட்டை என்று இலக்கு வகுக்கப்பட்டது. திலகர் சுயராஜ்ய நிதி குறித்த காலத்தில் சேர்ந்தது. வருஷத்துக்கொரு முறை கூடிக் கலைந்த மகாசபை இந்த ஏற்பாட்டால்தான் கிராமம் வரை கையெட்டும் ஸ்தாபனமாயிற்று. ஒரு கட்சிக்கு ஆளும் பொருளும் திரட்டத் தெரிந்த தொண்டர்கள், தமது ஊரின் ஸ்தாபனத்துக்கு ஆளும் பொருளும் வேண்டும் என்று கேட்கக் கூச வேண்டுவதில்லை.

கேட்பதற்குக் காலமும் நெருங்கி நிற்கிறது. ஆறாவது மாநில நிதிக் கமிஷனின் பங்கீடு 2027-ஆம் வருஷம் மார்ச்சு வரை செல்லுவது. அடுத்த ஐந்து வருஷத்துப் பங்கீட்டில், குடியிருப்போர் தலையை மட்டும் எண்ணாமல் வந்து போவோர் தலையையும் எண்ணும் ஒரு தனிப் படி யாத்திரை நகரங்களுக்கு வேண்டும். திருவண்ணாமலைக்கு மட்டுமன்று; பழனிக்கும், ராமேசுவரத்துக்கும், திருச்செந்தூருக்கும், வேளாங்கண்ணிக்கும், நாகூருக்கும் அது பொருந்தும். அதற்கு ஆதாரம் வேண்டும். ஒரு பௌர்ணமிக்கு வந்த பஸ்கள் எத்தனை, ரயிலில் இறங்கினோர் எத்தனை, அள்ளிய குப்பை எத்தனை டன், செலவான தண்ணீர் எத்தனை லிட்டர் என்பவற்றை மாநகராட்சி மாதந்தோறும் குறித்து வெளியிட்டால், அக்கணக்கைக் கமிஷன் புறக்கணிக்க முடியாது. மாமன்றத்தின் அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் எவரேனும் எழுந்து நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பதவிகள் எத்தனை? அவற்றுள் காலியாகக் கிடப்பவை எத்தனை? ஒப்பந்தக் கம்பெனியின் கீழ் வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்கள் கையில் சேரும் கூலி என்ன? மலையடிவாரத்தை மழைக்காலத்தில் நடந்து பார்க்க நியமிக்கப்பட்டிருப்பவர் யார்? பதிலை எழுத்து மூலமாகப் பெற்று, மாநகராட்சி வாசற் பலகையில் ஒட்டச் செய்யட்டும்.